பெட்டிக்கு கியூஆர் கோடு இருக்கு, செய்த கைக்கு?

(விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உலகம் எங்கே போய்க்கிட்டிருக்கு?" என்று பேசச் சொன்னார்கள். அதுக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். நம்ம சிவகாசியையும் சாத்தூரையும் வெம்பக்கோட்டையையும் பார்த்தாலே போதும். தொழில்நுட்பம் வந்தால் வயிறும் வாழ்க்கையும் எப்படி மாறும் என்பதற்கு இங்கேயே நூறு வருடப் பாடம் இருக்கிறது.

மழையை நம்பிப் பிழைக்க முடியாத கரிசல் பூமி இது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய், தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அச்சுத் தொழில் வளர்ந்தது. மருந்தோடு பழகிய கை பட்டாசுக்கும் பழகியது. ஒரு தொழில் இன்னொரு தொழிலைக் கூட்டிக்கொண்டு வந்தது. விவசாயம் கைவிட்ட வீடுகளில் அடுப்பு எரிந்தது.

இப்போ காற்று மாறி அடிக்குது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அது இன்றைக்கும் நடக்கிறது. ஆனா தேதி பார்க்க நம்ம கை முதல்ல போறது செல்போனுக்குத்தானே? தீப்பெட்டி 14 வருடம் ஒரு ரூபாயிலேயே நின்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. அதற்குள் வெளிநாட்டு லைட்டர் பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டது. 20 ரூபாய்க்கும் குறைவான சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை 2023-ல் மத்திய அரசு தடை செய்தது.

பட்டாசில் மாற்றம் நீதிமன்றம் வழியாக வந்தது. டெல்லிக் காற்று மாசு பற்றிய வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தது; பசுமைப் பட்டாசு மட்டுமே என்றது. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் புகை குறைந்த கலவைகளை உருவாக்கியது. குழந்தைகள் நல்ல காற்றைச் சுவாசிக்கணும் என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் வருடக்கணக்கில் சரம் பின்னியே கூலி வாங்கிய பெண்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் கைப்பழக்கத்துக்குச் சட்டப்படி இனி வேலை இல்லை.

இன்று பசுமைப் பட்டாசுப் பெட்டியில் கியூஆர் கோடு இருக்கிறது. போனை நீட்டினால் அந்தப் பட்டாசின் விவரம் தெரியும். நல்ல விஷயம். ஆனா அதுக்குள்ள மருந்து செலுத்திய அக்காவின் பெயர் எந்தப் பதிவேட்டிலாவது இருக்கா? இதுதான் என் கேள்வி.

இது வீண் கேள்வி இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருத்தர் பெயரில் இருக்கும். உள்ளே ஷெட்டை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துவது வேறொருத்தராக இருக்கும். அந்த மாதிரி இடத்தில், "இவர் இங்கேதான் வேலை பார்த்தார்" என்று நிரூபிக்க வேண்டிய பாரம் இறந்தவர் குடும்பத்தின் தலையில் விழுகிறது. அழவும் நேரமில்லாமல் தாள் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

அந்தத் தாளை முன்கூட்டியே சேர்த்து வைக்க, நம்ம கையில இருக்கிற போன் உதவும்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலை என்றால் இஎஸ்ஐ உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். வேலையில் விபத்து நடந்து உயிர் போனால், சராசரிக் கூலியில் 90 சதவீதம் சார்ந்திருப்போருக்கு உதவித்தொகையாகக் கிடைக்கும். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் உங்களுக்கு 12 இலக்க யுஏஎன் எண் இருக்கும். உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தால், இந்த மாதம் பணம் கட்டியிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

இந்த இரண்டும் இல்லாதவர்கள், பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கான நல வாரியத்தில் பதிவு செய்யலாம். 18 முதல் 60 வயது வரை பதியலாம். 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு காலாவதியாகிக் கிடந்தால் அவசரத்துக்கு உதவாது. மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிந்துகொள்ளலாம். போனில் செய்யத் தெரியவில்லை என்றால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். ஓடிபி எண்ணை மட்டும் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லாதீர்கள். கூலியை முடிந்தவரை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்; அந்தக் கணக்கு வரி ஒவ்வொன்றும் நீங்கள் வேலை பார்த்ததற்குச் சாட்சி.

ஆலை நடத்துகிற அண்ணாச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. பெட்டிக்குப் போலி வரக்கூடாது என்று அவ்வளவு கவனமாகக் கோடு ஒட்டுகிறீர்கள். அதே கவனத்தோடு வருகைப் பதிவேட்டிலும் எல்லாப் பெயரையும் எழுதுங்கள். நாளைக்கு மருந்து செலுத்த மெஷின் வரலாம், இன்னொரு தடை வரலாம். அப்போ மறுவேலையோ நிவாரணமோ கொடுக்க வேண்டுமென்றால், யாருக்குக் கொடுப்பது என்று அரசுக்குத் தெரிய வேண்டாமா?

இங்கே கல்லூரிப் பிள்ளைகள் நிறைய வந்திருக்கீங்க. உங்க அம்மா பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போறவங்களா இருந்தா, இன்னைக்கு ராத்திரி பத்து நிமிஷம் பக்கத்துல உட்காருங்க. "அம்மா, உன் பேரு எங்கெங்க பதிஞ்சிருக்கு?"ன்னு கேளுங்க. பதில் இல்லைன்னா, திங்கட்கிழமை கூடவே போய்ப் பதிஞ்சு கொடுங்க.