லைன் வீடும் சப் மீட்டரும்
(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் உதவி கேட்டு வந்த மனுக்களைப் பார்த்தபோது, கரும்புக்கடைப் பக்கம் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒரு சகோதரியின் மனு எங்களை நிறுத்தியது. கேட்டது மருந்துச் செலவுக்கு. மாதச் செலவைக் கேட்டு எழுதியபோது, "கரண்டுக்கு மட்டும் ரெண்டு மாசத்துக்கு ஆயிரத்து நானூறுங்க" என்றார். ஒரு ஃபேன், இரண்டு லைட், சின்ன ஃபிரிட்ஜ், மிக்சி. இவ்வளவு எப்படி வரும்?

வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். 180 யூனிட்டுக்கு 1,440 ரூபாய். அதே 180 யூனிட் அவர் பெயரில் தனி இணைப்பில் ஓடியிருந்தால், 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணப்படி, முதல் 100 யூனிட் இலவசம். மீதி 80 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு வீதம் 188 ரூபாய். அவ்வளவுதான்.

வெளிநாடுகளில் கரண்ட் விற்கும் கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்த்து மாறிக்கொள்கிறார்கள். மும்பையிலேகூட 2009 முதல் பல பகுதிகளில் வீட்டுக்காரர்கள் கம்பெனி மாறலாம். நமக்கு அந்த வழி இல்லை, ஈ.பி. ஒன்றுதான். நம் ஊர் மில்காரர்கள் காற்றாலை மின்சாரம் வாங்கிக்கொள்வார்கள், அது பெரிய இடத்துக் கதை. நாம் ஒப்பிட வேண்டியது யாரிடம் வாங்குகிறோம் என்பதை அல்ல, எந்த மீட்டரில் வாங்குகிறோம் என்பதை.

வீட்டுக்காரர்கள் மேல் மட்டும் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அவர்கள் தரப்பையும் கேட்டோம். "எல்லா வீடும் ஒரே மீட்டர்ல ஓடுதுங்க, எனக்கே ஸ்லாப் ஏறிப் போகுது" என்றார் ஒருவர். உண்மைதான். கணக்கைப் பாருங்கள்: வீட்டுக்காரர் 400 யூனிட், குடியிருக்கும் இரு குடும்பங்கள் தலா 180. மொத்தம் 760. 500 தாண்டிவிட்டால் 2 ரூபாய் 35 காசு என்ற படியே கிடையாது. 101-லிருந்து 400 வரை 4 ரூபாய் 70 காசு, அடுத்த நூறு 6 ரூபாய் 30 காசு, அதற்கடுத்த நூறு 8 ரூபாய் 40 காசு, மேலே 9 ரூபாய் 45 காசு. பில் 4,392 ரூபாய். குடியிருப்பவர்களிடம் 2,880 வாங்கினாலும் அவர் கையிலிருந்து 1,512 போகிறது.

மூன்று பேருக்கும் தனித்தனி இணைப்பு என்றால்? வீட்டுக்காரருக்கு 1,175. மற்ற இருவருக்கும் தலா 188. வீட்டுக்காரருக்கே 337 ரூபாய் மிச்சம். இதைச் சொன்னபோது அந்தச் சகோதரர் காகிதத்தை வாங்கி மறுபடியும் கூட்டிப் பார்த்தார்!

சில வீடுகளில் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குவதாகவும் கேள்விப்படுகிறோம். அதில் லாபம் இருக்கலாம். ஏழைக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் நூறு யூனிட்டை நடுவில் நின்று விற்று வரும் லாபம் அது. வாங்குபவர் நம் ஜமாஅத்தில் முதல் வரிசையில் நிற்பவராகவும் இருக்கலாம். இதற்குமேல் நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரே குடும்பம், ஒரே சமையலறை. மாடிக்கு ஒரு மீட்டர், கீழே ஒரு மீட்டர் வாங்கினால் இருநூறு இலவசமாச்சே என்று யோசனை கேட்டு வருகிறார்கள். அதற்கு நாங்கள் உதவ மாட்டோம். தனி வாசல், தனிச் சமையல், தனி வயரிங் உள்ள தனிக் குடித்தனத்துக்குத்தான் தனி இணைப்பு. மற்றது பொய்க் கணக்கு.

புது இணைப்புக்கு டெபாசிட், வயரிங் என்று ஒருமுறை செலவு உண்டு. பலர் தயங்குவது அதனால்தான். வீட்டுக்காரரே விண்ணப்பித்தால் வேலை சுலபம். செலவை அவர் ஏற்க முடியாத இடத்தில் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுக்க நிர்வாகக் குழு சம்மதித்திருக்கிறது. அந்தச் சகோதரி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மிச்சம் பிடிக்கும் 1,252 ரூபாயிலேயே தவணை அடைந்துவிடும்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சேர்ந்தே வாருங்கள். கடைசி மூன்று ஈ.பி. பில்லும், சப் மீட்டர் எழுதி வைத்த நோட்டும் எடுத்து வந்தால் அங்கேயே கணக்குப் போட்டுத் தருகிறோம்.