கைக்கூலிக்குச் சமயமில்லை
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் சில சொற் கூறுமாறு காரியதரிசியார் எம்மைப் பணித்தனர். தமிழ்ப் பண்டிதர் ஆதலின் இலக்கியம் பற்றிப் பேசுவோமென்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆயினும், நாட்டை அரிக்கும் இரு நோய்களைப் பற்றிப் பேசுதலே இன்று தக்கதெனக் கருதினோம். ஒன்று சமயப் பூசல், மற்றொன்று கைக்கூலி. இவை வெவ்வேறு நோய்கள் எனப் பலரும் எண்ணுவர். ஒன்று மற்றொன்றுக்குக் கதவு திறந்துவிடும் என்பதை நம் காலத்து வரலாறு ஒன்றால் விளக்குவோம்.

1992ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதனை அடுத்து அத்திங்களிலும், 1993 ஜனவரியிலும், அந்நாளில் பம்பாய் என வழங்கிய மும்பை மாநகரிற் பெருங் கலகம் மூண்டது. அதனை ஆராய அமைக்கப்பெற்ற நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா விசாரணைக் குழுவின் கணக்கின்படி மாண்டோர் 900 பேர். அவருள் முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275. கலகத்தைத் தடுக்க வேண்டிய காவலர் சிலரே குற்றத்திற்கு உடந்தையாயினர் என்றும் அக்குழு 1998இல் எடுத்துரைத்தது. எனினும் அக்கொலைகளுக்காகத் தண்டனை பெற்றோர் மிகச் சிலரே.

கலகத்திற்குப் பழி வாங்கக் கருதியோர் ஆயுதங்களையும் வெடிமருந்தையும் கடல் வழியே கொணர்ந்தனர். மும்பைக்குத் தெற்கே ராய்கட் ஜில்லாவில் திகி, ஷேகாடி என்னுந் துறைகளில் அவை இறங்கின. அக்கடற்கரை பொன்னும் வெள்ளியும் கள்ளத்தனமாக இறங்கிப் பழகிய இடம். கண்ணை மூடிக்கொள்ளக் கூலி பெறுதல் ஆங்கே சுங்க அதிகாரிகளுக்கும் காவலர்க்கும் வழக்கமாயிருந்தது. அவ்வாண்டு ஜனவரித் திங்களில் ஆயுதம் ஏற்றிச் சென்ற வண்டியைக் காவலர் வழிமறிக்கத்தான் செய்தனர். ஆனால் கைக்கூலி பேசி, அதற்கு ஈடாக வெள்ளிப் பாளங்களைப் பெற்றுக்கொண்டு, வண்டியைப் போகவிட்டனர்.

அதன் பயன் யாது? 1993 மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள், பங்குச் சந்தையிலும் ஏர் இந்தியா மாளிகையிலும் ஜவேரி பஜாரிலும் பிறவிடங்களிலும் குண்டுகள் வெடித்தன. 257 பேர் மாண்டனர். 2006ஆம் ஆண்டு தனி நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்த்த 100 பேருள் சுங்க அதிகாரிகளும் காவலரும் இருந்தனர். அச்சுங்க அதிகாரிகளுள் இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு. தெருவில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட இரு சமயத்தாரும், கைக்கூலி வாங்கும் இடத்தில் மட்டும் ஒற்றுமையாய் இருந்தனர்! கைக்கூலிக்குச் சமயமில்லை, அன்பர்களே. அது கொல்லும் உயிருக்கும் சமயமில்லை.

'அது வடநாட்டு அதிகாரிகளின் குற்றம்; நமக்கென்ன?' என்று கேட்பீர்கள். திருவள்ளுவனார் பிறர் பொருளைக் கவரக் கருதாமையை 'வெஃகாமை' என ஓர் அதிகாரமாக வகுத்தார். அதனை அரசியலில் வைத்திலர், இல்லறவியலில் வைத்தார். காரணம் என்னை? அவா முளைக்கும் இடம் கச்சேரி அன்று, வீடே என்பது அவர் கருத்துப் போலும்.

எம் வீட்டில் நிகழ்ந்ததையே சொல்வோம். எம் தங்கை மகளுக்கு வரன் பார்த்தபொழுது, மாப்பிள்ளை சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பதாகக் கூறினர். கூடியிருந்த பெரியவர் ஒருவர், "சம்பளம் இருக்கட்டும், மேல்வரும்படி எவ்வளவு?" என்றனர். எவரும் முகஞ் சுளித்திலர். மாணாக்கர்க்கு நாள்தோறும் அறம் உரைக்கும் யாமும் வாய் திறந்திலேம். அந்த மௌனத்தை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றோம். கலியாணப் பந்தலில் நாம் மேல்வரும்படியைப் பெருமையாகக் கேட்டால், கடற்கரையில் நிற்பவன் வெள்ளிப் பாளத்தை மறுப்பது எங்ஙனம்?

அக்கலகத்திலிருந்து கற்க நல்லதும் ஒன்றுண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற நம் தமிழ் மக்கள் பல தலைமுறையாக வாழும் தாராவியும் அந்நாளில் கலகத்திற் சிக்கிற்று. பின்னர் ஆங்கும் மும்பையின் பிற பகுதிகளிலும் இரு சமயப் பெரியோரும் காவல் அதிகாரிகளும் ஒருங்கு கூடும் மொகல்லா கமிட்டிகள் அமைந்தன. வதந்தி பரவுமுன் ஒருவர் வீட்டிற்கு மற்றவர் சென்று உண்மையைக் கேட்டறியும் வழக்கம் அவற்றால் வளர்ந்தது.

ஆகவே, இச்சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். நம் குடும்பத்துச் சம்பந்தப் பேச்சில் மேல்வரும்படி என்னுஞ் சொல் எழலாகாது. எழின், அவ்விடத்திலேயே ஒருவரேனும் கண்டித்தல் வேண்டும். நம்மவன் என்ற ஒரே காரணத்தால், கைக்கூலி வாங்கிப் பிடிபட்டவனுக்காகச் சங்கத்தார் சிபாரிசுக்குச் செல்லலாகாது. ஊரிற் சமயப் பூசல் என்று வதந்தி எழுந்தால், அன்று விளக்கு வைக்குமுன் நம் நிர்வாகிகள் பள்ளிவாசல் தெருவிற்கும் மாதாகோவில் தெருவிற்கும் தாமே சென்று அங்குள்ள பெரியோரைக் காணல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பணம் வேண்டா. துணிவு மட்டுமே வேண்டும். முன்பு வாய் மூடியிருந்த யாம், இன்று உங்கள் முன்னிலையில் வாய் திறந்தோம். இனி நீங்களும் திறப்பீராக.