மோட்டர் வண்டியின் மின்பிறப்பாக்கி

இராப் பயணத்திலே காரின் முன்விளக்குகள் சிறிது சிறிதாக மங்குகின்றன. முகப்புப் பலகையிலே பற்றரியின் உருவந் தாங்கிய செவ்விளக்கு அணையாது நிற்கின்றது. மறுநாட் காலையில் வண்டி கிளம்ப மறுக்கின்றது. சொந்தக்காரர் கடைக்குச் சென்று புதிய பற்றரி ஒன்றை வாங்கி வருகின்றார். சில நாட்களில் அதுவும் சோர்ந்துவிடுகின்றது. குற்றம் பற்றரியினது அன்று. அதற்கு உணவூட்டும் கருவியினது என்பது பணம் செலவான பின்னரே புலனாகின்றது.

அக்கருவியே ஒல்ரனேற்றர் எனப்படும் ஆடலோட்ட மின்பிறப்பாக்கி. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. எஞ்சின் ஒரு பட்டியினால் காந்தச் சுழலியைச் சுழற்றுகின்றது. சூழவுள்ள கம்பிச் சுருள்களில் ஆடலோட்டம் பிறக்கின்றது. பற்றரி ஏற்பதோ நேரோட்டத்தையே. ஆதலின் சிலிக்கன் இருவாயிகள் அம்மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்தி அனுப்புகின்றன. முன்னாளில் கார்களில் இருந்த தைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது போதிய மின்னைத் தருவதில்லை. கிறைஸ்லர் கம்பனியின் 1960ஆம் ஆண்டு மாதிரியான வலியன்ற் கார் இப்புதிய கருவியோடு வெளிவந்தது. தைனமோ படிப்படியாக மறைந்தது.

கழற்றுமுன் சோதித்தல் வேண்டும். நன்கு மின்னேற்றிய பற்றரி, எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை உயர்தல் வேண்டும். உயராவிடின், முதலில் பட்டியின் தளர்வையும் முனைகளிற் படிந்த களிம்பையும் பார்த்தல் நன்று. எஞ்சின் ஓடும்போதே பற்றரியின் கம்பியை இழுத்துப் பார்க்கும் பழைய வழக்கம் தீது. அப்போது எழும் மிகை மின்னழுத்தம் இருவாயிகளை எரித்துவிடும்.

கருவியே பழுதெனில், எஞ்சின் ஆறிய பின், பற்றரியின் எதிர்முனையை முதலிற் கழற்றுக. பற்றரியின் நேர்முனையிலிருந்து தடித்த கம்பியொன்று மின்பிறப்பாக்கிக்கு வருகின்றது. சாவியை நிறுத்தினாலும் அக்கம்பியில் மின் நிற்கும். கையிலுள்ள இரும்புச் சாவி அதனையும் வண்டியின் உடலையும் ஒருங்கே தொடுமாயின் பெரும் பொறி பறக்கும். விரலில் மோதிரம் இருப்பின் விரலே வெந்துவிடும். பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு தீப்பற்றவுங் கூடும். இவ்வொரு விதியை மறந்தவருக்கு ஏனைய திறமை யாவும் பயன்படா.

பின்னர்ப் பட்டியைத் தளர்த்தி, கம்பிகளுக்கு அடையாளமிட்டுக் கழற்றி, புரியாணிகளை நீக்கினால் கருவி கைக்கு வரும். புதியதைப் பழையதன் அருகே வைத்து, துளைகள், கப்பியின் விட்டம், அம்பியர் அளவு, கம்பி முனைகள் ஆகிய நான்கையும் ஒப்பிடுதல் வேண்டும். பூட்டும்போது பட்டி மிக இறுகினால் உருளைத் தாங்கிகள் தேயும். தளர்ந்தால் வழுக்கிக் கீச்சிடும். எதிர்முனையை இறுதியிற் பூட்டுக. வெறுமையான பற்றரியை வேறாக மின்னேற்றிய பின்னரே எஞ்சினை இயக்குதல் சிறந்தது. இன்றேல் புதிய கருவி முதல் நாளிலேயே மிகையாகச் சூடேறும்.

ஓர் எச்சரிக்கை. பழைய மொறிஸ் மைனர் கார்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்துள்ளது. அவற்றில் ஒல்ரனேற்றரை அவ்வாறே பொருத்தினால் இருவாயிகள் அக்கணமே எரியும். அவ்வேலையை மின்வேலை அறிந்தவரிடம் விடுவதே அறிவுடைமை. ஏனையவற்றில், பொறுமையும் ஒழுங்கும் உடையவர் தம் வீட்டு முற்றத்திலேயே இதனை நிறைவேற்றலாம்.