ஊருக்குப் போன நான்கட்டாய்

(இட்டார்ஸி ரயில்வே காலனித் தமிழ்க் குடும்பங்களின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரங்களே உள்ளன. ஊரிலுள்ள உற்றாருக்கு நம் வீடுகளிலிருந்து அனுப்பும் பலகாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு செயலாளர் பணித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு பார்சல் ஆபீஸில் ரசீது எழுதும் எங்களைப் போன்றவர்களிடம் இலக்கியம் கேட்கலாகாது என்பதை அவர் அறிவார் போலும், பலகாரத்தோடு நிறுத்திக்கொண்டார்.

முறுக்கையும் அதிரசத்தையும் இங்கிருந்து செய்து கும்பகோணத்திற்கு அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். இவ்வூர்ப் பேடாவை அனுப்பலாமென்றாலோ, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் சென்று, சென்னையில் இறங்கி வேறு வண்டி பிடித்து ஊர் சேர்வதற்குள் அதன் சுவை மாறிவிடும். நான்கட்டாய் அப்படியன்று. தண்ணீர், பால், முட்டை எதுவும் சேராத பண்டமாதலால் இரண்டு மூன்று வாரங்கள் கெடாது நிற்கும். சூரத்தில் டச்சுக்காரர் நடத்திய ரொட்டிக் கடையை அவர்களுக்குப் பின் ஏற்று நடத்திய பார்ஸிக் குடும்பத்தாரால் இது உருவாயிற்று என்று கூறுவர்.

எங்கள் தாயாருக்கு இதனைக் கற்பித்தவர் அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த மராட்டிய அம்மையார். மைதா 750 கிராம், கடலைமாவு 150, ரவை 100, நெய் 600, பொடித்த சர்க்கரை 500, ஏலப்பொடி, ஒரு சிட்டிகை சோடா உப்பு. நெய்யையும் சர்க்கரையையும் உள்ளங்கையால் வெண்ணிறமாகும் வரை தேய்க்கவேண்டும். அவ்விடத்தில் சோம்பல்பட்டவர்களுடைய நான்கட்டாய் கல்லாகிவிடும். நெய்யின் விலையை எண்ணி வனஸ்பதி இடுவோரை நாங்கள் குறை கூறவில்லை. ஆயினும் அதனை நான்கட்டாய் என்றும் கூறமாட்டோம்.

அந்நாளில் வீட்டில் அடுப்புப் பெட்டி ஏது? உருட்டி வைத்த தட்டுகளைக் கடைத்தெரு பேக்கரிக்குத் தூக்கிச் செல்வது பிள்ளைகளாகிய எங்கள் வேலை. விறகெரியும் அந்தப் பெரிய அடுப்பில் காலை ரொட்டி வெந்து இறங்கியபின் அடங்கியிருக்கும் சூடே இதற்கு ஏற்றது. ஆதலால் பிற்பகலில்தான் நம் முறை வரும். ஒவ்வொரு தட்டிலும் பெயர்ச்சீட்டு உண்டு. ஒருமுறை சீட்டு கருகிப்போய் வேறொரு வீட்டுத் தட்டு எங்களிடம் வந்துவிட்டது. ஒரு துண்டை நாவில் வைத்தவுடனேயே தாயார், “இது நம்முடையது அல்ல” என்றுவிட்டார். எவர் வீட்டுத் தட்டு என்பதை இங்கு கூறுவதற்கில்லை. அவர்களும் இச்சபையில் வீற்றிருக்கின்றனர்.

இனி, கூறலாமா என்று தயங்கிய ஒன்றையும் கூறிவிடுகிறோம். 1987-ஆம் ஆண்டு ஊர் வீட்டின் பாகப்பிரிவினையில் எங்கள் தகப்பனாருக்கும் பெரியப்பாவுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டுக் கடிதப் போக்குவரத்தும் நின்றது. பாட்டி பெரியப்பா வீட்டில் இருந்தார். மறு வருஷத் தீபாவளிக்குத் தாயார் ஒரு தகர டப்பா நிறைய நான்கட்டாய் அடுக்கினார். கடிதம் வைக்கவில்லை. தகப்பனார் மூடியின்மேல் “அம்மாவுக்கு” என்று மட்டும் எழுதினார். கும்பகோணம் சென்ற கார்டு ஒருவர் அதனை எடுத்துச் சென்றார்.

திரும்பி வந்தவர் முகம் வாடியிருந்தது. டப்பாவைத் திறந்தபொழுது முக்காற்பங்கு பொடியாகியிருந்ததாம். பெரியப்பா ஒன்றும் பேசாது உள்ளே போய்விட்டாராம். பல்லில்லாத பாட்டியோ அப்பொடியைப் பாலில் கலந்து உண்டுவிட்டு, “ஏம்ப்பா, இந்தப் பொடி இன்னும் கொஞ்சம் இருக்குமா?” என்று கேட்டிருக்கிறார். இதைக் கேட்ட தகப்பனார் கொல்லைப்பக்கம் சென்று நெடுநேரம் நின்றார்.

அதன்பின் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு டப்பாக்கள் போயின: ஒன்றில் முழு நான்கட்டாய், ஒன்றில் பாட்டிக்கென்றே இடித்த பொடி. முழு நான்கட்டாய் உடையாதிருக்க வழியையும் தாயாரே கண்டார். வரிசைக்கு வரிசை காகிதமிட்டு, இடுக்குகளில் பொரியைத் திணித்தார். டப்பாவினுள் அசையும் பொருளே உடைகிறது. பார்சல் ஆபீஸில் பிற்காலத்தில் நாங்கள் கற்ற பாடமும் இதுவே.

1995-இல் பாட்டி காலமானார். அவ்வாண்டு எங்களுக்குப் பண்டிகை இல்லை. மறு வருஷம் தாயார் வழக்கம்போல் மாவு பிசைந்தார். யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை. டப்பா நிறைந்தபின் தகப்பனார் பேனாவை எடுத்து, சற்று நேரம் மூடியைப் பார்த்திருந்துவிட்டு, “அண்ணாவுக்கு” என்று எழுதினார். ஒரு மாதம் கழித்து அதே டப்பா பெரியம்மா சுட்ட தேன்குழலுடன் திரும்பி வந்தது. வீட்டு விவகாரம் அதனால் தீர்ந்துவிடவில்லை. அதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் 1998-இல் எங்கள் தமக்கையின் திருமணத்தில் பெரியப்பா முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

இப்பொழுது நம்மில் பல வீடுகளில் மின்சார அடுப்புப் பெட்டி வந்துவிட்டது. 160 முதல் 170 டிகிரிச் சூட்டில், 15 முதல் 20 நிமிஷத்தில் வெந்துவிடும். மேற்புறம் சிவக்கும்வரை காத்திருக்கலாகாது; அடிப்புறம் இலேசாகச் சிவந்தாற் போதும். சூட்டோடு எடுத்தால் உதிரும், தட்டிலேயே ஆறவிடுக. அடுப்புப் பெட்டி இல்லாதவர்கள் எங்கள் வீட்டிற்குத் தட்டைக் கொண்டுவரலாம். பெயர்ச்சீட்டை மட்டும் தட்டின் அடியில் ஒட்டாதிருக்க வேண்டுகிறோம்.

தீபாவளிக்குத் தெற்கே செல்வோர் தம் பெயரையும் புறப்படும் தேதியையும் செயலாளரிடம் குறித்துக்கொடுத்தால், அவ்வழியில் உற்றார் உடையவர்கள் டப்பாவைச் சேர்ப்பிப்பார்கள். ஆளுக்கு இரண்டு டப்பாவுக்கு மேல் சுமத்த மாட்டோம். திரும்பும்பொழுது டப்பாவைக் கேட்டு வாங்கி வாருங்கள். சென்ற ஆண்டு போனவற்றில் நான்கு இன்னும் வந்து சேரவில்லை.