இரண்டு துணி யாருக்கு? புறநானூறு 189: ஒரு மறுவாசிப்பு



தாம்பரத்தில் நடக்கும் இந்த நினைவுப் பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது புறநானூற்றின் 189ஆம் பாட்டு. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். நுகர்வு வெறியைக் கண்டிக்கும் மேடைகளில் தவறாமல் வந்துவிடும் பாட்டு இது. உலகத்தையே ஒற்றைக் குடைக்கீழ் ஆளும் மன்னன் ஒருபக்கம். இரவும் பகலும் தூங்காமல் விலங்கின் பின்னால் ஓடும் படிப்பறியாத வேடன் மறுபக்கம். இருவர் வயிற்றுக்கும் ஒரே அளவு சோறு, உடம்புக்கு இரண்டு துணி. ஆகவே செல்வத்தால் ஆகும் பயன் பிறருக்குக் கொடுப்பதே; நாமே அனுபவித்துக்கொள்வோம் என்றால் இழப்பது ஏராளம். இதுதான் பாட்டின் சாரம்.

வகுப்பறைகளில் இதைப் ‘போதுமென்ற மனம்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். நாம் கேட்பது, இது யாரைப் பார்த்துச் சொன்னது என்பதுதான். பாட்டு முடிவது செல்வத்தின் பயனில். அப்படியென்றால் கேட்க வேண்டியவர் செல்வம் உள்ளவர். இல்லாதவரை நோக்கித் திருப்பினால், அறிவுரை ஆணையாகிவிடும்.

அந்த ஆணை நம்மீது போடப்பட்டிருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே உடுத்தக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டுமே. குடை, செருப்பு கூடாது. ஹட்டன் தமது சாதி பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பாட்டின் மன்னனுக்கு வெண்கொற்றக் குடை. நம் முன்னோருக்கு வெயிலுக்குப் பிடிக்கும் குடையும் மறுக்கப்பட்டது. குஜராத்தில் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்த பெண்கள் தாக்கப்பட்டதை அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் எழுதினார். ஆகவே நம் பிள்ளை போடும் புதுச் சட்டையைப் பேராசை என்று சொல்ல நம்மால் முடியாது. அது போராடிப் பெற்ற உரிமை.

அதற்காகச் சந்தை நம்மை விடுவித்துவிடும் என்றும் ஏமாற வேண்டாம். தி.நகருக்கும் குரோம்பேட்டைக்கும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகும் துணிக்கடைப் பெண்களைப் பாருங்கள். வேலை நேரத்தில் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. புடவையை விரித்துக் காட்டுகிறவருக்கு நாற்காலி இல்லை!

வாங்கியது கடைசியில் எங்கே போகிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், பெருங்குடிக் குப்பை மேட்டுக்கு. அந்தச் சதுப்பு 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. குப்பையைக் கையால் பிரிக்கிறவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதே தென்சென்னையில், ஒருபக்கம் பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள். இன்னொரு பக்கம் நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பாட்டு சொல்லும் ‘இழப்பு’ என்னவென்று இங்கே தெரிகிறது: நீர் தங்கும் நிலம், வேலைக்குப் பக்கத்தில் இருந்த வீடு, பிள்ளையின் பள்ளி. அனுபவித்தவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர்.

புலவரோடு நமக்கு ஒரு மாறுபாடும் உண்டு. மன்னனையும் வேடனையும் ஒரே தட்டில் நிறுத்தியது அவருடைய துணிச்சல். ஆனால் தீர்வாக அவர் சொல்வது ஈகை. ஈகையில் கொடுக்கும் கை மேலேயே இருக்கிறது. எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை அந்தக் கையே முடிவு செய்கிறது. நாம் கேட்பது பங்கு: கடையில் இருக்கை, குப்பை பிரிப்பவருக்குக் கூலியும் பாதுகாப்பும், நகரத்துக்குள் வீடு. மாணவர்கள் இந்தப் பாட்டை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும்.