தடமும் சுவடும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகளை நிறைவு செய்தால், வாழ்த்துவோர் நாவில் முதலில் வந்து நிற்பது 'தடம் பதித்தது' என்னும் தொடர். நல்ல தொடர்தான். ஆயினும் தடம் என்பது எது? நடந்தவர் விட்டுச் சென்ற அடையாளமா, நடக்கப்போகிறவருக்காகப் போட்டுவைத்த வழியா? இவ்விரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்க ஆங்கிலத்தின் 'டிராக்' என்னும் சொல் நமக்கு நல்ல வாய்ப்பைத் தருகிறது. ஓட்டப்பந்தய மைதானத்தில் அது உண்டு, இருப்புப்பாதையில் உண்டு, இசைத்தட்டிலும் திரைப்படச் சுருளிலும் கணிப்பொறியின் வட்டிலும் உண்டு, இன்று நம் சட்டைப்பையிலும் கைப்பையிலும் உள்ள கைப்பேசியிலும் உண்டு. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் தொழில்நுட்பத்திலும் இத்தனை இடங்களில் புழங்கும் இச்சொல்லைத் தமிழ் எவ்வாறு ஏற்றுக்கொண்டது, எவ்வாறு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

'டிராக்' என்னும் சொல் பதினைந்தாம் நூற்றாண்டில் பழம் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. குதிரை முதலியன விட்டுச் சென்ற அடிச்சுவடு என்பதே அதன் தொடக்கப் பொருள். போட்ட பாதை என்னும் பொருளும், தேடிப் பின்தொடர்தல் என்னும் வினைப்பொருளும் பின்னர்க் கிளைத்தவை.

நம் சொல்லின் வரலாறு வேறு. 'தட' என்பது ஓர் உரிச்சொல். அது பெருமைப் பொருளை உணர்த்தும் என்றும், கோட்டம் ஆகிய வளைவுப் பொருளையும் உணர்த்தும் என்றும் தொல்காப்பியர் உரியியலில் கூறுகிறார். தடக்கை, தடந்தோள் என்பவற்றில் நாம் காண்பது இச்சொல்லே. தடம் என்பதற்கு நீர்நிலை, வழி, அடிச்சுவடு எனப் பல பொருள்களை அகராதிகள் தருகின்றன. எனவே தடம் இருபுறமும் சாயும் சொல். போட்ட வழியையும் குறிக்கும், பதிந்த அடையாளத்தையும் குறிக்கும். சுவடு அத்தகையதன்று. அது எப்போதும் ஏதோ ஒன்று கடந்து சென்ற பின்னர் எஞ்சுவது. சுவடு போட்டுவைத்தோம் என்று எவரும் சொல்வதில்லை. சுவடு விட்டுச் சென்றார் என்றே சொல்வோம்.

இவ்விரு சொற்களையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும். கால் முந்தியதா, பாதை முந்தியதா? பாதை முந்தினால் தடம். கால் முந்தினால் சுவடு. இவ்வுரைகல்லை ஒவ்வொரு துறையிலும் உரைத்துப் பார்ப்போம்.

முதலில் விளையாட்டு. 'தடகளம்' என்பது தமிழ் ஆக்கிக்கொண்ட அழகான கலைச்சொற்களுள் ஒன்று. தடமும் களமும் என விரியும் உம்மைத்தொகை அது. ஆகவேதான் இடையில் வல்லெழுத்து மிகவில்லை. ஓடுவது தடத்தில், எறிவதும் தாண்டுவதும் களத்தில். ஓடுதடத்தின் உள்வட்டம் 400 மீட்டர். ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம். வளைவில் வெளிப்பாதை நீளும் என்பதால், 400 மீட்டர் ஓட்டத்தில் எட்டாம் பாதையில் நிற்பவர் முதற்பாதையில் நிற்பவரைவிட ஏறத்தாழ 53 மீட்டர் முன்னே நின்று தொடங்குகிறார். பார்ப்பவருக்கு அநீதிபோல் தோன்றும் அவ்விடைவெளிதான் நீதி. பாதை முந்தியதாக, அளந்து போட்டதாக இருப்பதால்தான் 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா வெண்கலப் பதக்கத்தை ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் இழந்தார் என்று நம்மால் கூற முடிகிறது. தொல்காப்பியர் சொன்ன பெருமையும் வளைவும் ஆகிய இரண்டும் இத்தடத்தில் ஒருசேரப் பொருந்துவது மனத்துக்கு இனிய தற்செயல்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1968இல் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் ஓடினார்கள். அதற்கு முன்பு மண்ணிலும் கரிக்கசடு பரப்பிய தரையிலும் ஓடியபோது முள்ளாணிக் காலணிகளின் பதிவுகள் தரையில் எஞ்சின. செயற்கைத் தளத்தில் அப்படி எதுவும் எஞ்சுவதில்லை. அங்கே தடம் இருக்கிறது, சுவடு இல்லை. ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டினால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே நமக்கு வாய் இராது.

இருப்புப்பாதையும் பாதை முந்திய இனமே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகைக்கு 1908இலும் மலை இரயில் ஏறிற்று. அச்சரிவில் இரு தண்டவாளங்கள் போதாமல், நடுவே பல் வெட்டிய சட்டத்தைப் பதித்து, எந்திரத்தின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். இரயிலுக்குத் தடத்தைவிட்டு விலகும் உரிமை இல்லை. விலகினால் அது விபத்து. 'தடம் புரண்டது' என்கிறோம். பின்னர் ஒழுக்கம் தவறியவரையும் அப்படியே சொல்லத் தொடங்கினோம். ஓர் எந்திரத்தின் இலக்கணம் மனிதனுக்கு இலக்கணமாயிற்று. இது கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம்.

இனி இசை. இங்கேதான் பொருள் செறிவடைகிறது. 1877இல் எடிசன் வெள்ளீயத் தகட்டின் மீது குரலைப் பதித்தார். பின்னர் பெர்லினர் தட்டையான வட்டை உருவாக்கினார். குரலின் அதிர்வு ஊசியை அசைக்க, ஊசி பள்ளம் கீறுகிறது. பிறகு அப்பள்ளத்தின் வழியே வேறோர் ஊசி நடந்து குரலை மீட்கிறது. முதலில் நடந்தது குரல். ஆகவே அது சுவடு. பின்னால் வரும் ஊசிக்கோ அதுவே பாதை; ஆகவே அது தடம். சுவடே தடமாகும் மூன்றாவது நிலை இது. நம் ஊர்களின் ஒற்றையடிப்பாதையும் இப்படி உண்டானதுதான். யாரும் போடவில்லை; நடந்து நடந்து ஆயிற்று. ஒரு பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஆறு பாடல்கள் இருந்தாலும், அங்கே உள்ளது வெளியிலிருந்து உள்நோக்கிச் சுழலும் ஒரே பள்ளம்தான். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டிலோ பதிவு உள்ளிருந்து வெளியே சுழல்கிறது. அந்த ஒற்றைச் சுருளைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளும்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் 'டிராக்' என்பதற்கு வேறு பொருள். ஒரே காந்த நாடாவில் பல இணைகோடுகளை ஒதுக்கி, வயலினுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று எனத் தனித்தனியே பதியும் முறை வந்தது. அதற்கு முன் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இசைத்தனர். இன்று ஒருவர் இசைக்கும்போது மற்றவர் அந்த ஊரிலேயே இராமல் இருக்கலாம். வெற்றுக்கோடு முன்னரே காத்திருக்கிறது. குரல் பின்னர் வந்து அதில் அமர்கிறது. எனவே அது தடம்.

திரையிசை உலகில் 'டிராக் பாடுதல்' என்றொரு தொழில் உண்டு. நட்சத்திரப் பாடகர் வருமுன், பாடலின் நடை தெரிவதற்காக வேறொருவர் முழுப்பாடலையும் பாடிப் பதிவு செய்வார். பின்னர் நட்சத்திரப் பாடகர் அதைக் கேட்டுக் கற்று, அதே இடத்தில் தம் குரலைப் பதிப்பார். முதலில் பாடிய குரல் நீக்கப்படும். சில வேளைகளில் அக்குரலே நிலைத்துவிட, ஒரு புதிய பாடகர் பிறப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் நிகழ்வது நீக்கமே. மெட்டில் ஒரு சொல்லை எங்கே நிறுத்துவது, எந்த எழுத்தில் மூச்சு வாங்குவது என்பதையெல்லாம் முதலில் கண்டறிந்தவர் அவரே. அவர் குரல் பின்வந்தவரின் பாட்டுக்குள் இருக்கிறது. அவர் பெயர் எங்கும் இல்லை. தடம் போட்டவர், சுவடு அற்றவர். இலக்கியத்திலும் இத்தகையோர் பலர். ஏடு பெயர்த்து எழுதியவர்கள், மெய்ப்புப் பார்த்தவர்கள், பிறர் கவிதையைத் திருத்திக் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர்கள் ஆகியோரை இவ்விழாவில் நாம் நினைவுகூர்தல் தகும்.

கணிப்பொறி வட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி அமைகிறேன். மூன்றரை அங்குல நெகிழ்வட்டில் எழுதும் முன், பக்கத்துக்கு 80 பொதுமைய வட்டங்களை வகுத்துக்கொள்ள வேண்டும். வகுக்காத வட்டில் எதையும் எழுத இயலாது. இதுவும் பாதை முந்தியதே. தடம் என்பதில் ஐயமில்லை.

இறுதியாகக் கைப்பேசி. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவை நம்மை அறியா. அவை நேரக்குறிப்புகளை அனுப்பியவண்ணம் உள்ளன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்புகளைக் கொண்டு கைப்பேசிதான் தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. கணக்கிட்டதைச் சேர்த்துவைப்பதும் பிறருக்கு அனுப்புவதும் அதிலுள்ள செயலிகள். 2018 ஜனவரியில் உலகம் ஒரு செய்தியைக் கேட்டது. ஸ்ட்ராவா என்னும் உடற்பயிற்சிச் செயலி, தன் பயனர்கள் ஓடிய வழிகளையெல்லாம் ஒரே வரைபடத்தில் ஒளிக்கோடுகளாக வெளியிட்டிருந்தது. ஆப்கானிஸ்தான், சிரியா ஆகிய நாடுகளின் இருண்ட வெளிகளில் சில கோடுகள் தனித்து ஒளிர்ந்தன. அவை இராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் உடல்நலத்துக்காக ஓடிய ஓட்டங்கள். பொழுதுபோக்காக ஓடியவர் கால்கள், தாம் அறியாமலே சுவடு விட்டன.

இங்கே இரண்டு பழம்பாடல்கள் நினைவுக்கு வருகின்றன. கானல்வரியில் ஒரு தலைவி, தன் காதலன் தேர் சென்ற வழியை அழித்துவிடுகிறதே என்று கடல் ஓதத்திடம் நொந்து பேசுகிறாள். சுவடு நிற்கவேண்டும் என்பது அவள் ஏக்கம். அழிப்பது கடலின் இயல்பு. குறுந்தொகையின் 44ஆம் பாடலில் வெள்ளிவீதியார் படைத்த செவிலி, உடன்போக்கில் சென்ற மகளைத் தேடி நடக்கிறாள். நடந்து நடந்து கால் ஓய்கிறது. பார்த்துப் பார்த்துக் கண் ஒளி இழக்கிறது. பின்தொடர்தலுக்கு அன்று ஒரு விலை இருந்தது. அவ்விலையைக் கொடுக்க அன்பு ஒன்றே துணிந்தது. இன்று சுவடு தானே அழிவதில்லை; பின்தொடர்பவர் கால் நோவதுமில்லை. இதனைத் 'தடமறிதல்' என்று எழுதுகிறோம். 'சுவடறிதல்' என்றே எழுத வேண்டும் என்பது என் கருத்து. அறியப்படுவது சாலையன்று, நடந்த மனிதர் என்பதை அச்சொல் மறைக்காமல் காட்டும்.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல்லே வேண்டும், பல சொற்கள் குழப்பம் தரும் என்பாரும் உளர். ஒரு துறைக்குள் அவ்விதி நன்று. மாணவருக்கு அது தேவையும்கூட. ஆனால் 'டிராக்' என்பது ஒரு கருத்தன்று. ஓர் ஒலிக்குள் அடங்கிய மூன்று கருத்துகள். ஆங்கிலத்தின் ஒருமையைத் தமிழில் பின்பற்றி, தமிழிடம் ஏற்கெனவே உள்ள பிரிவை இழப்பது இலாபமாகாது. ஓடுதடம், ஒலிப்பதிவுத் தடம், வட்டின் தடம் என்பன தடமாகவே இருக்கட்டும். திரைப்படச் சுருளின் ஓரத்தில் ஒளியால் பதிந்த ஒலிக்கு ஒலிச்சுவடு என்பது பொருந்தும். மனிதர் விட்டுச் செல்வதற்குச் சுவடு என்பதே பெயராகுக.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய கவிதைகளில் தடம் என்னும் சொல் மிகுதியாகப் புழங்குகிறது. எழுதுமுன் அக்கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்: கால் முந்தியதா, பாதை முந்தியதா? கவிதையின் சார்பு அந்த விடையில் தெரிந்துவிடும்.

இவ்வட்டம் பத்தாண்டுகளில் விட்டவை சுவடுகள் என்றே நான் கருதுகிறேன். அவை ஒற்றையடிப்பாதையாகலாம்; அது பெருமை. ஆனால், அடுத்து வரும் இளையவர் விலகினால் 'தடம் புரண்டார்' என்று சொல்லத்தக்க இருப்புப்பாதையாக அவை ஆகிவிடலாகாது. அவர்கள் காலுக்கு மண் மிச்சமிருக்க வேண்டும்.