எங்கள் வீட்டுச் சன்னல்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"நம்ம நாட்டுல பருவம் ஏது சார்? வெயிலும் மழையும் தானே!" என்றான் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன்.

1976-இல் சுபாங் ஜெயா எழும்பத் தொடங்குமுன் இந்த மண் சீபீல்டு தோட்டம். ரப்பர்த் தோட்டங்களில் தைப்பூசம் கழிந்ததும் இலை பழுத்து உதிரும். பால் குறையும், சம்பளமும் குறையும். பருவத்தை நம் பெரியவர்கள் வயிற்றாலே அறிந்தார்கள்.

நான் அடுப்படிச் சன்னலில் அறிகிறேன். செப்டம்பர் வாக்கில் சீனா, சைபீரியா பக்கமிருந்து தகைவிலான் குருவிகள் வந்து மின்கம்பியில் வரிசை கட்டும். வடக்கே குளிர் விட்டதும் கிளம்பிவிடும். முருங்கையில் குயில் வந்தால் காக்கை விரட்டும். காக்கைக் கூட்டில்தானே அது முட்டையிடும்! அந்தக் காக்கையும் நம்மைப்போல் கப்பலேறி வந்ததுதான். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காக்கை போகவில்லை!

போன வருடம் கார் நிறுத்த முற்றம் முழுக்கச் சிமெண்டு போட ஆள் கூப்பிட்டேன். பால்மரம் வெட்டிய என் அம்மா முருங்கையடியில் போய் நின்றுகொண்டார். "இதையும் வெட்டிட்டா குருவி எங்கடா உக்காரும்?" என்றார். ஆளைத் திருப்பி அனுப்பினேன். கார் இன்னும் தெருவில்தான் நிற்கிறது.

அந்த மாணவனை வரும் செப்டம்பரில் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கம்பியில் எத்தனை குருவி என்று அவனே எண்ணிச் சொல்லட்டும்.